வேகச் செடான்களும் ஐந்து நட்சத்திரமும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் டர்போ எஞ்சின் செடான் வாங்கப் போகிறவர்கள், குதிரைத்திறனை விசாரித்த கையோடு, வண்டிக்கு மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரப் பாதுகாப்பு மதிப்பீடு உண்டா என்றும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான்; ஆனால் அந்த மதிப்பீட்டு அறிக்கையை முழுதாகப் படிப்பவர் குறைவு.

கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பு 2023-இல் சோதித்த ஃபோக்ஸ்வாகன் வெர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா, ஹூண்டாய் வெர்னா மூன்றுமே ஐந்து நட்சத்திரம் பெற்றவை. பெரியவர் பாதுகாப்புக்கான 34 புள்ளிகளில் முதலிரண்டும் 29.71 எடுத்தன; ஸ்ரீபெரும்புதூர் அருகே தயாராகும் வெர்னா 28.18 எடுத்தது. புள்ளியில் பெரிய இடைவெளி இல்லை. ஆனால் முதலிரண்டின் உடற்கூடு, அதாவது பயணிகளைச் சூழ்ந்திருக்கும் வண்டியின் கட்டமைப்பு, உறுதியாக நின்றது என்றும், வெர்னாவின் கூடு நிலையற்றது, அதற்குமேல் விசையைத் தாங்காது என்றும் அறிக்கை சொல்கிறது. பயணிகள் அமரும் பகுதி நசுங்காமல் நின்றால்தான் காற்றுப்பையும் சீட் பெல்ட்டும் தம் வேலையைச் செய்ய இடமிருக்கும் என்பதால், எனக்கு இந்த ஒரு வரி புள்ளிகளைவிட முக்கியமாகப் படுகிறது.

அந்த முன்மோதல் சோதனை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பது. வேகம் 100 ஆனால் மோதலின் ஆற்றல் ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் 100-ஐத் தொட, 160 குதிரைத்திறன் வண்டிக்குச் சில நொடிகள் போதும்.

விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நம்பவும் முடியாது. 2012-இல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு, முகப்பின் கால்பங்கு மட்டும் தடுப்பில் மோதும்படி ஒரு புதிய சோதனையைக் கொண்டுவந்தது. மோதலை உள்வாங்க அமைத்த முன்சட்டங்களுக்கு வெளியே அடி விழுவதால், சக்கரம் ஓட்டுநரின் கால்வைக்கும் இடத்தை நோக்கித் தள்ளப்படும். மெர்சிடிஸ் சி கிளாஸும் ஆடி ஏ4-உம் அதில் ‘மோசம்’ என்ற மதிப்பீட்டையே பெற்றன. பிஎம்டபிள்யூ 3 வரிசை அதற்கு ஒரு படி மேலே நின்றது. வோல்வோ எஸ்60 ‘நன்று’ வாங்கியது. அந்தத் தலைமுறை வண்டிகள் இன்று நம் பழைய கார் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. பெயரைப் பார்த்து மயங்குகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

ஷோரூமில் சன்ரூஃபைத் திறந்து காட்டும்போது, பின்சீட்டின் நடுவில் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா, வண்டி சறுக்கித் திரும்பாமல் காக்கும் ஸ்திரக் கட்டுப்பாடு எல்லா ரகத்திலும் வருகிறதா என்று கேளுங்கள். கூட்டைப் பற்றிய அந்த வரியை அறிக்கையில் நீங்களே தேடிப் படித்துவிட்டு, முன்பணத்தைப் பிறகு கட்டுங்கள். வணக்கம்.