சின்ன டெலஸ்கோப்புல நெபுலா படம்: அந்தக் கலர் எங்கிருந்து வருது?

[திரையில்: இடப்பக்கம் ஒரு சாம்பல் மூட்டம். வலப்பக்கம் அதே ஓரியன் நெபுலா, சிவப்பும் நீலமுமா.]

ரெண்டும் ஒரே நெபுலாதான் (விண்வெளில இருக்கற வாயு, தூசி மேகம்), ஒரே டெலஸ்கோப்தான். இடது பக்கம் கண்ணால பார்த்தது, வலது பக்கம் கேமரால எடுத்தது. "இந்தக் கலரெல்லாம் கம்ப்யூட்டர்ல பூசினதுதானே?"ன்னு நிறைய பேர் கேக்கறாங்க. இல்லைங்க, அந்தச் சிவப்பு நிஜம். சூடான நட்சத்திரங்களோட புற ஊதா ஒளி, ஹைட்ரஜன்ல இருந்து எலக்ட்ரானைப் பிரிச்சுடுது. அது மறுபடி வந்து சேரும்போது 656.3 நானோமீட்டர்ல சிவப்பா ஒளி விடுது. ஆக்சிஜன் 500.7 நானோமீட்டர்ல, நீலப்பச்சையா. இருட்டுல நமக்குப் பார்வை தர்ற செல்களுக்கு கலர் பிரிக்கத் தெரியாது. இந்தச் சிவப்பு அதுங்களுக்கு எட்டறதே இல்லன்னு சொல்லலாம். கேமரா அதைப் பிடிக்கும், நிமிஷக்கணக்கா சேர்த்தும் வைக்கும்.

1880 செப்டம்பர் 30 அன்னிக்கு அமெரிக்க வானியலாளர் ஹென்றி டிரேப்பர் இதே நெபுலாவை முதல்முதலா படம் எடுத்தாரு. 11 அங்குல டெலஸ்கோப், 51 நிமிஷ எக்ஸ்போஷர். இன்னிக்கு 60 மில்லிமீட்டர் லென்ஸ் அதைவிடத் தெளிவாக் காட்டுது.

[திரையில்: ஈக்குவடோரியல் மவுண்ட் மெதுவாச் சுத்துது.]

முதல்ல காசு போட வேண்டியது டெலஸ்கோப்புல இல்ல, மவுண்ட்ல, அதாவது டெலஸ்கோப்பைத் தாங்கி வானத்தோட சேர்ந்து திருப்பற தாங்கில. வானம் ஒரு வினாடிக்கு 15 ஆர்க் வினாடி நகருது (ஒரு டிகிரில 3600ல ஒரு பங்குதான் ஒரு ஆர்க் வினாடி). 400 மில்லிமீட்டர் குவியத் தூரம், 3.76 மைக்ரான் பிக்சல்னா, ஓரியன் பக்கத்து நட்சத்திரம் ஒரே வினாடில ஏழெட்டு பிக்சல் தாண்டிடும். அதனால மவுண்டோட அச்சு வான துருவத்தை, அதாவது வானம் எந்தப் புள்ளியைச் சுத்தற மாதிரித் தெரியுதோ அதை, சரியா நோக்கி நிக்கணும். இதுக்கு அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்ல, பொறுமையாப் பண்ணுங்க.

டெலஸ்கோப் சின்னதா இருக்கறது இங்க வசதிதான். ரோசெட் நெபுலா முழு நிலாவை விட ரெண்டு மடங்குக்கு மேல அகலம். நீளமான பெரிய டெலஸ்கோப்புல அதோட ஒரு துண்டுதான் அடங்கும்.

[திரையில்: ஒரே ஒரு படம், அடுத்து நூறு படம் சேர்த்தது.]

ஒரு படத்துல புள்ளி புள்ளியா இரைச்சல்தான் இருக்கும். நூறு படத்தை ஸ்டாக் பண்ணா, அதாவது ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிச் சேர்த்தா, சிக்னலோட ஒப்பிடும்போது இரைச்சல் பத்துல ஒரு பங்காயிடும். இதுக்கான சாஃப்ட்வேர் சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் ரெண்டும் இலவசம். சாதாரண டிஎஸ்எல்ஆர்ல சென்சார் முன்னாடி இருக்கற ஃபில்டர் ஹைட்ரஜன் சிவப்பைப் பெருமளவு தடுத்துடும். ஆனாலும் ஓரியன் நல்லா வரும், அதுலயே ஆரம்பிங்க.

ஒரு விஷயம்: ஓரியனோட நடுப்பகுதி ரொம்பப் பிரகாசம். நீள எக்ஸ்போஷர்ல அது வெறும் வெள்ளையாயிடும். அதனால அஞ்சு, பத்து வினாடிப் படங்களும் தனியா ஒரு தொகுப்பா எடுத்து, நடுவுக்கு மட்டும் அதைச் சேருங்க. அங்க இருக்கற டிரப்பீசியம்ங்கற நட்சத்திரக் கூட்டத்தோட நாலு பிரகாசமான நட்சத்திரமும் தனித்தனியாத் தெரியும்.