சரியான பதில் சொல்லியும் கடிந்துகொள்ளப்பட்ட சீஷர்கள்! அந்தப் பன்னிரண்டு கூடையில் என்ன இருக்கிறது?

[திரையில்: நடுக்கடலில் ஒரு படகு. பலகை மேல் ஒரே ஒரு அப்பம்.]

கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்ன பிறகும் சீஷர்கள் கடிந்துகொள்ளப்பட்டார்கள். கேள்வி கேட்டவர் இயேசு.

மாற்கு 8-ஆம் அதிகாரம். அப்பம் எடுத்துவர மறந்துவிட்டார்கள். இயேசு பரிசேயர் என்ற யூத மதப்பிரிவினரின் புளித்தமாவைப் பற்றி, அதாவது அவர்களுடைய போதனையைப் பற்றி எச்சரிக்க, இவர்களோ "நம்மிடம் அப்பம் இல்லையே, அதைத்தான் சொல்கிறார்" என்று பேசிக்கொள்கிறார்கள். உடனே அவர் கேட்கிறார்: ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பிட்டபோது மீதி எத்தனை கூடை? "பன்னிரண்டு." ஏழு அப்பத்தை நாலாயிரம் பேருக்குப் பிட்டபோது? "ஏழு."

இங்கே ஓட்டிவிடாதீர்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தமிழ் வேதாகமத்தில் இரண்டு இடத்திலும் 'கூடை' என்றே வாசிக்கிறோம். கிரேக்கத்தில் அவை இரண்டு வேறு சொற்கள். ஐயாயிரம் பேர் சாப்பிட்டு மீந்ததை எடுத்தது 'கொஃபினோஸ்'. நாலு சுவிசேஷங்களிலும் அதே சொல்தான். நாலாயிரம் பேர் சாப்பிட்டபின் நிறைந்தது 'ஸ்புரிஸ்'. அது எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும்? அப்போஸ்தலர் 9:25-ஐப் பாருங்கள். தமஸ்குவின் மதிலிலிருந்து பவுலை இறக்கினார்களே, அந்தக் கூடைக்கும் அதே பெயர். ஒரு ஆளே உட்காரும் கூடை!

படகில் கேள்வி கேட்கும்போது இயேசு இந்த இரண்டையும் கலக்கவில்லை. முதல் கேள்வியில் கொஃபினோஸ், இரண்டாவதில் ஸ்புரிஸ். எந்த நாளில் எந்தக் கூடை நிறைந்தது என்பதுவரை அவர் நினைவில் வைத்திருக்கிறார். இதை முதன்முதலில் கவனித்தபோது என் மனம் நெகிழ்ந்துபோனது. நமக்குச் செய்த உதவியை நாம் மறந்தாலும், அதன் சின்ன விவரம்கூட அவரிடம் அழியாமல் இருக்கிறது.

சரி, சீஷர்களும்தான் எண்ணிக்கையை மறக்கவில்லையே, அப்புறம் ஏன் "நீங்கள் உணராதிருக்கிறது எப்படி?" என்றார்? பன்னிரண்டும் ஏழும் மனதில் இருந்தன. கையிலிருந்த ஒற்றை அப்பத்தைப் பார்த்தபோது அவை உதவிக்கு வரவில்லை. அந்த அற்புதங்களைச் செய்தவரோ அதே படகில் உட்கார்ந்திருக்கிறார்!

தாவீதைப் பாருங்கள். கோலியாத்தோடு போரிடப் புறப்படுமுன் சவுலிடம் அவன் பேசுவது பழைய கதை: ஆட்டுமந்தை, சிங்கம், கரடி. அதே மூச்சில், அவற்றின் கைக்குத் தப்புவித்த கர்த்தர் "இந்தப் பெலிஸ்தனுடைய கைக்கும் தப்புவிப்பார்" என்கிறான். அந்தக் 'கைக்கும்' என்பதில் வருகிற 'உம்'மைக் கவனியுங்கள். நினைவு விசுவாசமாக மாறுவது அந்தச் சின்ன 'உம்'மில்தான் என்று நான் நம்புகிறேன்.

யோர்தான் நதியைக் கடந்தபோது இஸ்ரவேலர் அதிலிருந்து எடுத்த 12 கற்கள், கர்த்தர் இதுவரை உதவினார் என்று சாமுவேல் தீர்க்கதரிசி நிறுத்திய எபெனேசர் கல், எல்லாம் இப்படி நினைவில் வைத்துக்கொள்வதற்காகத்தான்.

[திரையில்: ஓரம் மடிந்த ஒரு பழைய பைபிள்]

இது என் அம்மாவின் பைபிள். சங்கீதம் 34. "இந்த ஏழை கூப்பிட்டான்" என்ற வசனத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு தேதி, பக்கத்தில் "ஃபீஸ் கட்டியாச்சு". அதற்குக் கீழே, ஒரு வருடம் கழித்து, நீல மையில் இன்னொரு தேதி: "இந்த முறையும்". ஒவ்வொரு முறையும் கட்டணத் தேதி நெருங்கும்போது அம்மா முதலில் இந்தப் பக்கத்தைத் திறப்பார், அப்புறம்தான் ஜெபம்.

உங்களுக்கு இப்போது எதைப் பற்றிய கவலை? அதே மாதிரி ஒரு கவலையிலிருந்து கர்த்தர் உங்களைத் தூக்கிவிட்ட நாள் ஒன்று இருக்கும். தேதி ஞாபகம் இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். கூடை எத்தனை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் ஒவ்வொன்றையும் வாசிப்பேன்.