ஒரே கடல், இரண்டு கஜானாக்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வட கடலின் ஒரு கரையில் பிரிட்டன், எதிர்க்கரையில் நார்வே. 1969-இல் நார்வேயின் பங்குக் கடலில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயலும், மறு ஆண்டே பிரிட்டனின் பங்கில் ஃபோர்ட்டீஸ் வயலும் கண்டுபிடிக்கப்பட்டன. இன்று நார்வேயிடம் ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டிய சேமிப்பு நிதி இருக்கிறது. பிரிட்டனிடம் அப்படியொன்று இல்லை.

நார்வேயின் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரம் ஃபாரூக் அல்-காசிம். ஈராக்கிய நிலவியலாளர். மூளை முடக்குவாதம் உள்ள மகனுக்கு நல்ல சிகிச்சை வேண்டுமென்று, பாஸ்ராவில் இருந்த வேலையை உதறிவிட்டு 1968-இல் மனைவியின் நாடான நார்வேக்கு வந்தவர். ஆஸ்லோவில் இறங்கியவருக்கு மாலை ரயில் வரை பொழுது போகவேண்டும். தொழில் அமைச்சகத்துக்குள் நுழைந்து, நாட்டில் எந்தெந்த எண்ணெய் நிறுவனங்கள் இருக்கின்றன என்று விசாரித்தார். எண்ணெய் விவரம் தெரிந்த ஆளில்லாமல் திண்டாடிய அதிகாரிகள் விரைவிலேயே அவரையே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எண்ணெய் எடுக்க ஓர் அரசு நிறுவனம், அதைக் கண்காணிக்கத் தனியாக ஓர் இயக்ககம் என்று 1972-இல் உருவான ஏற்பாட்டில் அவருடைய பங்கு பெரிது. மருத்துவ வசதியை நாடி வந்த குடும்பம் நாட்டின் கஜானாவுக்கே வழி காட்டியது.

பிரிட்டன் என்ன செய்தது? தாட்சர் ஆட்சி 1979-இல் வருமான வரியின் உச்ச விகிதத்தை 83-இலிருந்து 60 சதவீதமாகவும், 1988-இல் 40 ஆகவும் குறைத்தது. இடையே 1982-இல் வேலையில்லாதோர் தொகை 30 லட்சத்தை எட்டியது. எண்ணெயால் பவுண்டின் மதிப்பு ஏறி, பிரிட்டிஷ் சரக்கு வெளிநாட்டாருக்கு விலை கூடிப்போனது ஏற்றுமதி ஆலைகளுக்கு இன்னோர் அடி. ஒரு பக்கம் வரிச்சலுகை, மறுபக்கம் வேலையற்றோர் உதவித்தொகை. எண்ணெய்ப் பணம் தனிக் கணக்கு ஏதுமின்றி அன்றாடச் செலவில் கரைந்தது.

நார்வேக்காரர்கள் முதல் நாளிலிருந்தே உண்டியலில் போட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். எழுபதுகளில் வரப்போகும் எண்ணெயை நம்பிக் கடன் வாங்கியவர்கள்தான். நிதிக்கான சட்டம் 1990-இல் வந்தது. முதல் தொகை விழுந்தது 1996-இல். பணம் முழுவதும் வெளிநாடுகளில்தான் முதலீடு செய்யப்படுகிறது. 2001 விதிப்படி, சராசரியாக ஆண்டுக்கு நிதியின் 4 சதவீதத்தை மட்டுமே பட்ஜெட்டுக்கு எடுக்கலாம். 2017-இல் அது 3 ஆனது. இதை எல்லாக் கட்சிகளும் வாயார வாழ்த்தவில்லை என்பது வேறு கதை.

நார்வே சிறிய நாடு, பிரிட்டனின் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பார்கள். சரிதான். தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டால் பிரிட்டனுக்குக் கிடைத்திருப்பது குறைவே. ஆனால் பிரிட்டனுக்குள்ளேயே ஷெட்லாந்து தீவுகள் இருக்கின்றனவே! சுமார் 23,000 பேர். அவர்களுடைய உள்ளாட்சி மன்றம் 1974-இல் தனிச்சட்டம் பெற்று, அங்கே சல்லம் வோ எண்ணெய் முனையத்தை அமைக்க வந்த எண்ணெய் நிறுவனங்களோடு பேரம் பேசி, கிடைத்த பணத்தில் அறக்கட்டளை வைத்தது. முதியோர் பராமரிப்புக்கும் விளையாட்டு மையங்களுக்கும் அதிலிருந்து பணம் போனது. லண்டனுக்கு வராத யோசனை அந்தத் தீவுக்கு வந்தது.

நார்வே எண்ணெய் லாபத்தில் நெடுங்காலமாக 78 சதவீதம் வரி வாங்குகிறது. 2024 நவம்பர் முதல் பிரிட்டனின் மொத்த விகிதமும் அதே 78-தான். என்ன, அதன் எண்ணெய் உற்பத்தி 1999-இன் உச்சத்தில் ஏறக்குறைய கால் பங்காகச் சுருங்கிவிட்டது.

வணக்கம்.