சட்டியில் இருந்தால்தானே!

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, ஒரு கல்யாண வீட்டை விட்டுவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மைக்செட்டுக்குத் தன் கைக்காசைக் கொடுத்த வணிகர் சங்கச் செயலாளர் அண்ணாச்சி அவர்களே, சத்துணவு அமைப்பாளர் சகோதரிகளே, வணக்கம். அண்ணாச்சி, இன்றைக்கு உங்கள் கடையையும் தொட்டுத்தான் பேசப்போகிறேன். கோபப்படக் கூடாது.

பசியில்லாவிட்டாலும் தின்பண்டத்தை நோக்கிக் கை போவது ஏன்? மூளை, மனக்கட்டுப்பாடு, தூக்கம் என மூன்றையும் தொட்டு அதைத்தான் பேசப்போகிறேன்.

1954-ல் கனடாவின் மான்ட்ரியலில் ஓல்ட்ஸ், மில்னர் என்ற இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செருகினார்கள். எலி நெம்புகோலை அமுக்கினால் அங்கே லேசாக மின்சாரம் பாயும். தின்ன ஒரு கடலைகூடக் கிடையாது. ஆனாலும் மணிக்கு நூற்றுக்கணக்கான தடவை அமுக்கியது. இந்த வேகத்தில் டோபமின் என்ற மூளை ரசாயனத்துக்குப் பங்கு உண்டென்று பின்னால் தெரிந்தது. அதை ‘மகிழ்ச்சி ரசாயனம்’ என்று எழுதுகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவின் மிச்சிகனில் கென்ட் பெரிட்ஜ் என்ற மூளை ஆய்வாளரின் குழுவினர் டோபமினை ஒழித்த எலிகளின் வாயில் சர்க்கரைத் தண்ணீர் விட்டார்கள். ருசித்தன. தேடிப் போகத்தான் இல்லை. ‘எடு, எடு’ என்று கையைத் தள்ளுவதுதான் டோபமின் வேலை.

எங்கள் சித்தப்பா ரிட்டையர்டு ஏட்டு. பழனியில் மொட்டை போட்டு, ‘இனி மிக்சரைத் தொடமாட்டேன்’ என்று சத்தியம் செய்தவர். தீபாவளி விருந்தாளிகளுக்காகச் சித்தி ஒரு டப்பா மிக்சரைப் பீரோ மேல் வைத்திருந்தார். ராத்திரி கறக் முறக்கென்று சத்தம். காலையில் பார்த்தால் டப்பா பாதி. எலிதான் என்று முடிவுகட்டிய சித்தி, ஒருவரிடமும் சொல்லாமல் பக்கத்தில் பொறி வைத்துவிட்டார். அன்றைக்குப் பார்த்து கரண்டும் இல்லை. நடுச்சாமத்தில் ஓர் அலறல்! தெருவே டார்ச்சோடு கூடிவிட்டது. முக்காலி மேல் சித்தப்பா; விரலில் பொறி, வாயில் மிக்சர். “எத்தனை திருடனைப் பிடிச்சிருக்கேன், என்னையே பிடிச்சிட்டியேடி!” என்றார். “பசிச்சா சோறு கேட்கக் கூடாதா?” என்றார் சித்தி. “பசியே இல்லடி. கை நிக்கலை.”

சிரித்துவிட்டோம். ஆனால் கை நிற்காமல் ஒளிந்து தின்பதும், பிறகு வெட்கத்தில் குறுகிப்போவதும் வாராவாரம் நடந்தால் அது நோய். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனி நோயாகவே பட்டியலில் சேர்த்தது. குண்டாக இருப்பவர் எல்லோருக்கும் இது கிடையாது, ஒல்லியானவருக்கும் வரும். ஏச்சு வேண்டாம், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

மனக்கட்டுப்பாடு நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையின் பொறுப்பு. தூக்கம் கெட்டால் அது தளரும். அதை விரிக்க நேரமில்லை, தலைவர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஏட்டையாவின் வைராக்கியத்தைப் பழிக்காதீர்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! 2019-ல் அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் ஆய்வு வெளிவந்தது. அவர் 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்தார். இரண்டு வாரம் சமைத்த சாப்பாடு, இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவு. சர்க்கரை, உப்பு, கொழுப்பு எல்லாம் ஈடாக வைத்து, வேண்டுமட்டும் சாப்பிடச் சொன்னார். ஆலை உணவில் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. ஏறக்குறைய ஒரு கிலோ எடை ஏறியது. அதே ஆட்கள், அதே வைராக்கியம். சட்டிதான் வேறு!

சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பாக்கெட்டின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரை உண்டு. அந்தச் சரக்கைப் பள்ளிக்குள் விற்க முடியாது. நம் நாட்டிலும் 2020-ல் விதி வந்தது: பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது. நம் பள்ளி வாசலில் சரம்சரமாகத் தொங்குவது என்ன அண்ணாச்சி? 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை. அவர்கள் எல்லோருக்கும் வைராக்கியம் இல்லை என்றா சொல்வீர்கள்? சட்டியைப் பாருங்கள் ஐயா!

கடையை மூடச் சொல்லவில்லை. சரத்தைக் கழற்றிவிட்டுச் சுண்டலும் கொய்யாவும் வையுங்கள். கறுப்பு முத்திரை கேட்டு மனு ஒன்றும் வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். முதல் கையெழுத்து அண்ணாச்சியுடையது.