இரண்டு தந்திகளுக்கு நடுவே எழும் விம்மல்

வணக்கம். ஆராய்ச்சியில் இருக்கும் ஒருவர் வீணையும் வாசிக்கிறார் என்று தெரிந்ததும், பகலெல்லாம் ஆய்வகத்தில் களைத்த மனத்துக்கு மாலையில் இசை ஓய்வு தருகிறது என்றே பெரும்பாலோர் எண்ணிக்கொள்கிறார்கள். ஓய்வு தருவது உண்மைதான். ஆனால் லேசர் அளவீடுகளில் பல ஆண்டுகள் உழைத்தவள் என்ற முறையில், அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. பொருந்தாத ஒன்றை, அது மிகச் சிறியதாக இருக்கும்போதே, கவனித்துவிடும் பழக்கத்தை இசைதான் எனக்குள் வளர்த்தது. அந்தப் பழக்கம் இல்லாமல் ஆய்வகத்தில் என்னால் ஒரு நாளும் வேலை செய்ய முடியாது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதை எடுத்துக்கொள்வோம். அதன் நடுவிலுள்ள இரண்டு தந்திகளும் ஒரே ஷட்ஜத்தில் நிற்க வேண்டும். ஒன்று நொடிக்கு 220 முறையும் மற்றொன்று 221 முறையும் அதிர்ந்தால், தனித்தனியாகக் கேட்கும் காதுக்கு அந்த வேறுபாடு எளிதில் பிடிபடாது. இரண்டையும் சேர்த்து மீட்டினால் ஒலி நொடிக்கு ஒரு முறை பெருகித் தணிகிறது. பள்ளிப் பாடநூலில் ‘விம்மல்கள்’ என்று படித்திருப்பீர்கள். தந்தியை முறுக்கும் பிருடையை மெல்லத் திருப்பத் திருப்ப விம்மல் இரண்டு நொடிக்கு ஒன்று, ஐந்து நொடிக்கு ஒன்று என்று தளர்ந்து, பிறகு அடங்கிவிடுகிறது. இரண்டு பெரிய எண்களுக்கு இடையிலுள்ள மிகச் சிறிய வேறுபாட்டை, அவ்விரு எண்களையும் அளக்காமலேயே அறிந்துகொள்ளும் வழி இது. இரண்டு லேசர்களின் அதிர்வெண்களை ஒப்பிட நாங்கள் கையாளும் முறையும் இதுவேதான்: இரு கதிர்களையும் ஓர் ஒளியுணர்வியின் மீது ஒன்றாக விழச்செய்து, அவற்றின் விம்மலை எண்ணுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அளவீடுகளில் ஓர் இரைச்சல் புகுந்து, ஏறக்குறைய ஏழு வாரங்கள் எங்களை அலைக்கழித்தது. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு இருக்கிறது என்று காட்டும் அதிர்வெண் நிறமாலையில் 98 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 98 அதிர்வுகள்) அருகே ஒரே ஒரு முகடு தெரிந்தது. வெற்றிட பம்ப் ஒன்றின் அதிர்வாக இருக்கும் என்று கருதி அதன் அடியில் ரப்பர் தாங்கிகளை வைத்தோம். முகடு குறைந்ததே தவிர மறையவில்லை. அதைவிடக் குழப்பமான செய்தி ஒன்று இருந்தது. அடுத்தடுத்து எடுத்த பதிவுகளில் அந்த முகட்டின் உயரம் எந்த ஒழுங்கும் இல்லாமல் ஏறியும் இறங்கியும் காட்சியளித்தது. தரவு எடுத்துக்கொண்டிருந்த மாணவர் தம்முடைய இணைப்புகளில்தான் பிழை என்று நம்பி, அவற்றை மூன்று முறை பிரித்துப் பிரித்துச் சேர்த்தார். அவர் அவ்வாறு வருந்தியதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அவர் செய்த எதிலும் பிழை இல்லை.

ஒரு மாலை, வேறு எதுவும் தோன்றாமல், ஒளியுணர்வியிலிருந்து வரும் மின்குறியை ஒரு பெருக்கியின் வழியாக ஒலிபெருக்கியில் இணைத்துவிட்டு நாற்காலியில் அமர்ந்து கேட்டேன். தாழ்ந்த ரீங்காரம் ஒன்று எழுந்தது. அரை நிமிடம் செல்வதற்குள், அது ஏறக்குறைய ஐந்து நொடிக்கு ஒரு முறை பெருகித் தணிவதை உணர்ந்தேன். சுருதி சேராத இரு தந்திகளை எத்தனையோ ஆண்டுகள் கேட்டுப் பழகிய காதுக்கு அதில் ஐயமே எழவில்லை: ஒலிப்பது ஒன்றல்ல, இரண்டு. அடுத்த அறையில் அதே வகையைச் சேர்ந்த இன்னொரு பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பம்புகளை ஓட்டும் தூண்டல் மோட்டார்கள் ஒரே மின்சாரத்தில் இயங்கினாலும், தாங்கும் சுமைக்கு ஏற்ப ஒவ்வொன்றும் சற்றே பின்தங்கிச் சுழலும். ஆகவே இரண்டின் அதிர்வுகளும் 0.2 ஹெர்ட்ஸ் அளவில் விலகி நின்றன. நாங்கள் எடுத்த பதிவு ஒவ்வொன்றும் ஒரு நொடி நீளமே உடையது. விம்மல் பெருகும்போது எடுத்ததில் முகடு உயர்ந்தும், தணியும்போது எடுத்ததில் தாழ்ந்தும் தெரிந்தது. அவ்வளவு நெருங்கிய இரு முகடுகளைப் பிரித்துக்காட்ட ஐந்து நொடியேனும் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும். கணினி பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் அதற்குப் போதிய நேரம் கொடுக்கவில்லை.

இப்படிப் பழகிய புலனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு வில்லியம் ஹெர்ஷல் நினைவுக்கு வருகிறார். இங்கிலாந்தின் பாத் நகரத்தில் தேவாலயத்து ஆர்கன் கலைஞராகவும் இசை ஆசிரியராகவும் வாழ்ந்து, தம் கையால் செய்த தொலைநோக்கியில் 1781 மார்ச் 13 அன்று யுரேனஸைக் கண்டவர் அவர். அதற்கு முன்பே அந்தக் கோளைப் பிற வானியலாளர்கள் கண்டு, விண்மீன் என்று குறித்து வைத்துவிட்டுக் கடந்திருந்தார்கள். பார்ப்பது என்பதும் கற்றுத் தேற வேண்டிய ஒரு கலை என்று ஹெர்ஷல் பின்னர் ஒரு கடிதத்தில் எழுதினார். தம் தொலைநோக்கியின் உயர்ந்த உருப்பெருக்கத்தில் ஒருவரை உடனே பார்க்கவைப்பது, அவரை ஆர்கனில் கடினமான ஃபியூக் ஒன்றை, அதாவது பல இழைகள் பின்னிவரும் இசைப்படைப்பை, வாசிக்கச் சொல்வதற்கு ஒப்பானது என்பது அவர் கருத்து. இரவு தோறும் பார்த்துப் பார்த்துச் சாதகம் செய்தவர் என்பதால்தான், மற்றவர்களுக்குப் புள்ளியாகத் தெரிந்தது அவருக்குச் சிறு வட்டாகத் தெரிந்தது என்று நான் நம்புகிறேன்.

சி. வி. ராமனின் மிருதங்க ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. வட்டமாக இழுத்துக் கட்டிய வெறும் தோலின் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று முழு எண்ணுக்கு அடங்காமல் நிற்பதால், பெரும்பாலான தோற்கருவிகளில் தெளிவான சுருதி கிடைப்பதில்லை. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையில் அது கிடைக்கிறது. ஏன் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து நேச்சர் இதழிலும், 1934-இல் இன்னும் விரிவாகவும் ராமன் எழுதினார். தோலின் நடுவில் ஒட்டிய கரணை என்னும் கருநிறப் பூச்சின் எடை, தோலின் ஒன்பது அதிர்வு முறைகளை, முழு எண் மடங்குகளில் அமைந்த ஐந்து சீரிசைகளுக்குள் ஒழுங்காகக் கூட்டிச் சேர்க்கிறது என்பதை அவர் நிறுவினார். தோலின் மேல் நுண்மணலைத் தூவி, அது ஒதுங்கி நிற்கும் கோடுகளை வைத்தே அந்த அதிர்வுகளை அவர் கண்ணுக்குக் காட்டினார். அந்தக் கட்டுரையைப் படிக்கும்போது என்னைக் கவர்வது முடிவைக் காட்டிலும் அதன் தொடக்கம்தான்: இந்தக் கருவி மற்றத் தோற்கருவிகளைப் போல ஒலிக்கவில்லை என்று முதலில் ஒரு காது கவனித்திருக்கிறது, சமன்பாடுகள் அதற்குப் பிறகுதான் வந்தன.

அன்று ஒலிபெருக்கியில் கேட்டதை நான் பதிவு செய்து வைத்திருக்கிறேன். இப்போது உங்களுக்காக அதை ஒலிக்கவிடுகிறேன். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் இந்தத் தாழ்ந்த ஒலி சரியாகக் கேட்காது என்பதால், ஹெட்ஃபோன் அணிந்துகொள்ளுங்கள். முதல் முப்பது நொடிகள் இரண்டு பம்புகளும் ஓடுகின்றன. அதன்பின் ஏதோ ஒரு நொடியில் அடுத்த அறையிலுள்ளதை நிறுத்துகிறோம். எந்த நொடியில் நிறுத்தினோம் என்று திரையில் காட்டப்போவதில்லை. உங்கள் காதே சொல்லும்.