கட்டிக்குள் ஓடும் ரத்தத்தின் சத்தம்

வணக்கம். கருப்பைக் கட்டிகளில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனைப் பற்றிப் பேசுகிறேன். ஸ்கேன் அறையில் அடிக்கடி கேட்கிறார்கள்: "திரையில் சிவப்பாகத் தெரிகிறதே டாக்டர், கெட்ட ரத்தமா?" இல்லவே இல்லை. கருவியை நோக்கி வரும் ரத்தம் சிவப்பு, விலகிப் போவது நீலம். ஒரு பொத்தானை அழுத்தினால் நிறம் தலைகீழாகிவிடும்.

ஆஸ்திரிய இயற்பியலாளர் டாப்ளர் 1842-இல் சொன்ன விஷயம்தான் இதற்கு அடிப்படை. ஆம்புலன்ஸ் நெருங்கும்போது சைரன் கீச்சென்று கேட்கும். தாண்டியதும் சுருதி இறங்கும். 1845-இல் நெதர்லாந்தில் பைஸ் பலோட் என்பவர் ஊதுகொம்புக்காரர்களை ரயிலில் ஏற்றி, சுருதி பிடிக்கத் தெரிந்தவர்களைத் தண்டவாளத்தோரம் நிறுத்தி இதைச் சோதித்தார். முதல் முயற்சி பனியில் கெட்டது. ஜூனில் மறுபடி ஊதவிட்டார், சரியாக வந்தது. எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று ரயிலுக்குப் பதில், கருவியின் ஒலியைத் திருப்பி அனுப்பும் ரத்த அணுக்கள்.

சரி, கருப்பைக்கு வருவோம். ஃபைப்ராய்டு என்கிற சாதாரண சதைக்கட்டியில் பெரும்பாலும் ரத்தக்குழாய்கள் ஓரத்தைச் சுற்றி, கூடை பின்னியது போல ஓடும். புற்றுநோய்க்கட்டி அவசரத்தில் வளர்வது. அதன் புதுக்குழாய்களின் சுவரில் தசை சரியாக அமைவதில்லை. தாறுமாறாக நடுவிலேயே புகுந்து கிளைக்கும். ஒலிபெருக்கியைத் திறந்தால் வித்தியாசம் காதிலேயே விழும். வழக்கமான தமனியில் 'டுப்' என்று எழுந்து, அடுத்த துடிப்புவரை சத்தம் வெகுவாக அடங்கும். புதுக்குழாயில் தடை குறைவு. துடிப்புகளுக்கு நடுவிலும் 'ஷ்ஷ்ஷ்' என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்தத் தடையை எண்ணாகக் கணக்கிடலாம். எண்ணை வைத்தே தீர்ப்பு எழுதிவிடலாம் என்று ஆரம்பத்தில் நானும் நினைத்தவன்தான். ஒரு அம்மாவின் கட்டியில் நடுவெல்லாம் ரத்த ஓட்டம். பயந்துபோய் அறுவை சிகிச்சைக்கு அனுப்பினேன். எடுத்துப் பார்த்தால் சாதாரண ஃபைப்ராய்டு! செல்கள் நெருக்கமாக இருக்கும் ஃபைப்ராய்டு இப்படி ஏமாற்றும். புற்றுக்கட்டியும் நடுவில் அழுகிப்போனால் அங்கே ஓட்டமே தெரியாது. போதாக்குறைக்கு எங்கள் கையும் ஏமாற்றும்: கருவியைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் மெல்லிய குழாய்கள் நசுங்கி, திரை வெறுமையாகிவிடும். வேக அளவை உயர்த்தி வைத்தால் மெதுவான ஓட்டம் காணாமல் போகும். அதனால் சொல்கிறேன், டாப்ளர் சந்தேகத்தைக் கூட்டும், குறைக்கும். நோயைப் பெயர் சொல்லிக் காட்டுவது நுண்ணோக்கியில் பார்க்கும் திசுதான்.

கருப்பையின் உள்வரிச் சவ்வைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரமாகிவிட்டது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: பாலிப் என்கிற சவ்வு வளர்ச்சிக்கு அநேகமாக ஒரே ஒரு குழாய், காம்பு மாதிரி. புற்றில் பல. மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டால், ஒரு துளி என்றாலும், ஸ்கேன் எடுங்கள். சவ்வின் தடிமன் 4 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் பயாப்சி, அதாவது திசு எடுத்துச் சோதிக்கச் சொல்வோம். ஸ்கேன் சரியாக இருந்தும் ரத்தம் திரும்பப் பட்டால் மறுபடி வாருங்கள். நன்றி, வணக்கம்.