கைநழுவிய 9 மாதங்கள்

அவையோருக்கு வணக்கம். நோயை மருத்துவர் தவறவிட்டு, தாமதமாகத் தெரியவந்தால் நோயாளி என்ன செய்யலாம் என்று பேச வந்திருக்கிறேன்.

1994-இல் இங்கிலாந்தில் ஒருவர், இடது அக்குளில் கட்டி இருக்கிறதென்று மருத்துவரிடம் போனார். கொழுப்புக் கட்டிதான் என்று மருத்துவர் திருப்பி அனுப்பிவிட்டார். அது நிணநீர்ப் புற்றுநோய். அப்போதே மேல்பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் சுமார் 9 மாதங்களுக்கு முன்பே சிகிச்சை தொடங்கியிருக்கும். அவர் வழக்குத் தொடுத்தார். பத்தாண்டுகள் நோயின்றி வாழும் வாய்ப்பு அந்தத் தாமதத்தால் 42 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாக இறங்கியதென்று நீதிமன்றமே ஏற்றது. மருத்துவரின் கவனக்குறைவையும் ஏற்றது. ஆனாலும் இழப்பீடு இல்லை! 2005-இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் ஐவரில் மூவர் அவருடைய முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள்.

காரணம் இதுதான்: உடனே கண்டுபிடித்திருந்தாலும் குணமாகும் வாய்ப்பு பாதியைத் தாண்டவில்லை. எனவே அவர் குணமாகாமல் போனதற்குத் தாமதம்தான் காரணம் என்று நிரூபிக்க முடியவில்லை. என்னால் இதை இன்றும் ஏற்க முடியவில்லை. பறிபோன 17 விழுக்காடு அந்த மனிதருக்கு வெறும் கணக்கா? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 1983-இலேயே வேறு வழியில் சென்றது. நுரையீரல் புற்றுநோயில் பிழைக்கும் வாய்ப்பு 39-லிருந்து 25 விழுக்காடாகக் குறைந்த வழக்கு அது. வாய்ப்பு பாதிக்குக் கீழே இருந்தாலும் வழக்கு நடத்தலாம் என்றது அந்த நீதிமன்றம்.

ஆக, "டாக்டர் தவறவிட்டார்" என்பதோடு வழக்கு முடிவதில்லை. அதே நிலையில் திறமையான வேறொரு மருத்துவர் என்ன செய்திருப்பார், தாமதம் உங்களிடமிருந்து எதைப் பறித்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் வேண்டும். இரண்டாவதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். முதல் வருகையில் கட்டி எவ்வளவு பெரிது, நோய் எந்தக் கட்டத்தில் இருந்தது, அன்று அறுவை சிகிச்சையே போதுமானதாக இருந்திருக்குமா என்பதைப் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் எழுத்தில் சொல்ல வேண்டும்.

அந்தப் பதில் உங்கள் பழைய காகிதங்களில் இருக்கிறது. எக்ஸ்ரே, ஸ்கேன் அறிக்கையை மட்டும் வாங்கினால் போதாது. படங்களையும் கேட்டு வாங்குங்கள். பயாப்ஸி, அதாவது திசுப் பரிசோதனை, செய்திருந்தால், மெழுகில் பதித்த திசுக்கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் ஆய்வகம் பாதுகாத்து வைத்திருக்கும். வேறொரு நோயியல் நிபுணர் அவற்றை ஆண்டுகள் கழித்தும் பார்த்துச் சொல்ல முடியும். ஒன்று கவனியுங்கள்: முடிவு தெரிந்தபின் பழைய படத்தைப் பார்த்தால் எவர் கண்ணுக்கும் நிழல் தெரியும். ஆகவே பின்னால் நடந்ததைச் சொல்லாமல் நிபுணரிடம் படத்தைக் கொடுத்துக் கேட்பதே நேர்மை. அந்தக் கருத்துதான் நீதிமன்றத்திலும் நிற்கும்.

வழக்கு ஒன்றே வழி என்றும் இல்லை. நடந்ததற்கு எழுத்தில் விளக்கம் கேட்டு மருத்துவமனையிடம் முறையிடலாம். மருத்துவர் பதிவு மன்றத்தில் புகார் செய்யலாம். அங்கே அவருடைய உரிமத்தைத்தான் விசாரிப்பார்கள், பணம் வராது. குற்றவழக்கு மிக அரிதாகவே நிற்கும்.

வழக்குத் தொடுப்பதற்கான காலக்கெடுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. கீமோதெரபியில் துவண்டு கிடக்கும் மாதங்களிலும் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. தவறு நடந்த நாளிலிருந்து எண்ணும் நாடுகள் உண்டு. தவறு தெரியவந்த நாளிலிருந்து எண்ணுவனவும் உண்டு. நோயாளிக்கு முடியாவிட்டால் வீட்டில் ஒருவர் இந்த வாரமே வழக்கறிஞரைப் பார்த்து, கடைசித் தேதி எது என்று மட்டுமாவது கேட்டு எழுதி வையுங்கள்.